கல்யாண வேலையைக் குறைத்துக்கொண்டு போர்ட்ரெய்ட்டுக்கு மாறுவது: அறை, ஒளி, கணக்கு, வீட்டு நேரம் (குமரி மாவட்டம்)

தக்கலை கேமரா (இழையைத் தொடங்கியவர்)

நம் மாவட்டத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிற பெரும்பாலானோருக்குக் கல்யாண வேலைதான் சோறு போடுகிறது. முதல் நாள் மாலையில் தொடங்கினால் மறுநாள் ரிசப்ஷன் முடிந்து பந்தல் பிரிக்கும்வரை நிற்க வேண்டும். அப்புறம் 12க்கு 36 அங்குல ஆல்பம், செலக்ஷனுக்காக மாதக்கணக்கில் காத்திருப்பு, பாக்கிப் பணத்துக்கு நடை. ஞாயிறும் பண்டிகையும் வீட்டில் இருக்க முடியாது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இது நெடுநாள் தாங்காது.

போர்ட்ரெய்ட்டை (ஒருவரையோ ஒரு குடும்பத்தையோ நிதானமாக உட்கார வைத்து எடுக்கிற படம்) முதன்மைத் தொழிலாக வைத்துப் பிழைக்க முடியுமா என்று இங்கே பலரும் கேட்கிறார்கள். ‘முடியும்’, ‘முடியாது’ என்று ஒற்றை வரியில் பதில் வேண்டாம். வீட்டில் 10க்கு 12 அடி அறை ஒன்று இருந்தால் அது போதுமா? ஜன்னல் வெளிச்சமே போதுமா, லைட் வாங்க வேண்டுமா? ஒரு செஷனுக்கு (ஒருமுறை உட்கார வைத்து எடுப்பதற்கு) எவ்வளவு வாங்கினால் கட்டுப்படியாகும்? மாலை நேரத்தை வீட்டுக்கு விட்டுவிட்டு இந்த வேலையை நடத்த முடியுமா? விவரமாகச் சொல்லுங்கள்.

---

ஜன்னல் வெளிச்சம்

அறையிலிருந்து தொடங்குகிறேன். அளவு தெரியாமல் லென்ஸ் வாங்குவதில்தான் முதல் பணம் வீணாகிறது.

பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில் 85 எம்எம் லென்ஸ் வைத்து, தலையும் தோளும் வருகிற மாதிரி (சுமார் இரண்டரை அடி உயரம்) கேமராவை நிமிர்த்திப் பிடித்து எடுக்க 6 அடி தூரம் வேண்டும். ஆளை முழு உயரத்தில், மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டு எடுக்க 16 அடிக்கு மேல் வேண்டும். 12 அடி அறையில் அது நடக்காது. 50 எம்எம் என்றால் முழு உயரத்துக்கு 10 அடி போதும். ஆனால் ஆளுக்குப் பின்னால் திரை 4 அடி தள்ளி இருக்க வேண்டும், உங்கள் முதுகுக்கும் இடம் வேண்டும். கூட்டிப் பார்த்தால் 15 அடி. ஆகவே 10க்கு 12 அறை முகம், இடுப்பளவு, உட்கார்ந்த நிலை ஆகியவற்றுக்கு நல்ல அறை. முழு உயரத்துக்குக் கதவைத் திறந்து வராந்தாவில் நின்று எடுக்கிற அமைப்பு இருந்தால் பாருங்கள். நம்மூர்ப் பழைய ஓட்டு வீடுகள் பலவற்றில் அந்த வசதி உண்டு.

கிராப் சென்சார் (அதைவிடச் சிறிய சென்சார்) கேமரா வைத்திருப்பவர்கள் 85 தேடி ஓட வேண்டாம். 50 எம்எம் 1.8 லென்ஸ் அதில் ஏறக்குறைய 75 போல வேலை செய்யும், தலை-தோளுக்கு 5 அடியில் நின்றால் போதும். 4 அடிக்கும் கிட்டே போகாதீர்கள். மூக்கு பெரிதாகி காது ஒடுங்கிவிடும், ரீடச்சில் (கணினியில் படத்தைத் திருத்துவதில்) அதைச் சரிசெய்ய முடியாது.

சுவர் நிறம் ரொம்ப முக்கியம். நம் பக்கம் அறைகளுக்குப் பச்சை, ரோஸ், மஞ்சள் என்று அடர்ந்த பெயின்ட் அடித்திருப்பார்கள். அந்த நிறம் கன்னத்தின் நிழல் பக்கத்தில் வந்து உட்காரும். படத்தின் மொத்த நிறத்தைச் சரிசெய்கிற வெள்ளைச் சமநிலையை எவ்வளவு திருத்தினாலும் போகாது, ஏனென்றால் முகத்தின் ஒரு பக்கம் மட்டும்தான் நிறம் மாறியிருக்கும். மூன்று சுவரும் கூரையும் மங்கல் வெள்ளை, நான்காவது சுவர் நடுத்தரச் சாம்பல், எல்லாமே மினுமினுப்பில்லாத எமல்ஷன். அந்தச் சாம்பல் சுவரே திரையாகிவிடும், தனியாக வாங்க வேண்டியதில்லை.

அடுத்தது ஜன்னல். ‘வடக்கு ஜன்னல்தான் சிறந்தது’ என்று எல்லா வீடியோவிலும் சொல்வார்கள். அது ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சரி. குமரி 8 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை உச்சி வெயில் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. காலை, மாலைச் சாய்வெயில் மார்ச் கடைசியிலேயே வடக்குப் பக்கம் திரும்பிவிடும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலில் நேர் வெயில் விழும், நிழல் பக்கம் என்பது தெற்கு ஜன்னல். செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச்வரைதான் வடக்கு ஜன்னல் நமக்கு நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம் தரும். இரண்டு பக்கமும் ஜன்னல் உள்ள அறை கிடைத்தால் அதையே எடுங்கள். ஒரே பக்கம்தான் என்றால் கம்பிக்கு வெளியே வெள்ளை மல் துணியை இழுத்துக் கட்டுங்கள். ஒரு ஸ்டாப் போல (அதாவது பாதியாக) வெளிச்சம் குறையும், ஆனால் வெயில் விழுந்தாலும் மென்மையாக வரும்.

ஆளை ஜன்னலிலிருந்து 3 அடி தள்ளி, ஜன்னலின் நடுவுக்கு நேரே இல்லாமல் அதன் விளிம்பை ஒட்டி உட்கார வையுங்கள். மறுபக்கம் 2 அடி தூரத்தில் ஒரு வெள்ளை தெர்மாகோல் ஷீட். லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஷட்டர் வேகம் 1/200 விநாடி, சென்சாரின் உணர்திறன் ஐஎஸ்ஓ 400 முதல் 800 என்று தொடங்கலாம். இன்னும் அகலமாகத் திறக்கிற எஃப் 1.8-க்கு ஆசைப்பட வேண்டாம். 85 எம்எம்மில் 6 அடி தூரத்தில் கூர்மை நிற்பது மொத்தமே 5 சென்டிமீட்டர்தான். முகம் கொஞ்சம் திரும்பினாலும் ஒரு கண் போய்விடும். எஃப் 4-ல் அது 11 சென்டிமீட்டர்.

---

குளச்சல் லைட்மேன்

ஜன்னலைப் பற்றி அண்ணாச்சி சொன்னது அத்தனையும் சரி. ஆனால் தொழிலுக்கு ஜன்னல் மட்டும் போதாது. தென்மேற்குப் பருவமழை ஜூனில் இறங்கினால் பகல் 11 மணிக்கே அறை இருட்டும். வடகிழக்கு அக்டோபர், நவம்பரில் மறுபடியும். தமிழ்நாட்டில் இரண்டு மழையும் நன்றாகப் பெய்கிற இடம் நம்முடையது. ‘இன்று மேகம், நாளை வாங்க’ என்று ஒருவரைத் திருப்பி அனுப்பினால் நாளை நமக்கு இன்னொரு நாள் போகிறது. வீட்டு நேரம் அங்கேதான் கசிகிறது.

பேட்டரியில் ஓடுகிற 200 வாட் செகண்ட் (ஃபிளாஷின் ஆற்றல் அளவு) ஃபிளாஷ் ஒன்று போதும் (கோடாக்ஸ் ஏடி200 அந்த வகை). கரண்ட் போனாலும் வேலை நிற்காது. 95 அல்லது 120 சென்டிமீட்டர் ஆக்டா சாஃப்ட்பாக்ஸ் (ஒளியை மென்மையாக்குகிற எண்கோணத் துணிப்பெட்டி), முகத்திலிருந்து 3 முதல் 4 அடி. பெட்டியின் அடி விளிம்பு தாடை மட்டத்தில், மூக்குக்கு 45 டிகிரி பக்கவாட்டில். ஐஎஸ்ஓ 100, 1/160, எஃப் 5.6 வருகிற மாதிரி பவரை வையுங்கள். ஜன்னலுக்குத் திரை போட்டுவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு வெளிச்சம் கலந்து மூக்குக்கு இரட்டை நிழல் விழும்.

பின்புறத்தைக் கறுப்பாக்க வேறு சுவர் தேவையில்லை. லைட் முகத்திலிருந்து 3 அடியில், சுவர் முகத்துக்கு 4 அடி பின்னால் இருந்தால் சுவருக்கு 7 அடி. சுவரில் விழும் ஒளி முகத்தில் விழுவதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, ஏறக்குறைய இரண்டரை ஸ்டாப் குறைவு. அதே சாம்பல் சுவர் கரும்சாம்பலாகிவிடும். லைட்டை 6 அடிக்குத் தள்ளினால் சுவர் வெளுக்கும். ஒரே சுவரில் மூன்று விதமான பின்புலம் கிடைக்கும்.

வெளியே போனால் காற்று. ஜூன் முதல் செப்டம்பர்வரை ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று தோவாளை, பூதப்பாண்டிப் பக்கம் சாஃப்ட்பாக்ஸை ஆளோடு தூக்கும். ஸ்டாண்டுக்கு 8 கிலோ மணல் பையாவது தொங்கவிடுங்கள், குடை வகை எதையும் திறக்காதீர்கள். அந்தப் பருவத்தில் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற ரிஃப்ளெக்டரைத் தரையில் படுக்க வைப்பதுதான் பிழைக்கும்.

---

மார்த்தாண்டம் அக்கா

லைட்டைப் பற்றி நிறைய வந்துவிட்டது. கேள்வியின் பாதி வீட்டைப் பற்றியது, அதற்கு வருகிறேன்.

ஒரு போர்ட்ரெய்ட் செஷன் உண்மையில் எவ்வளவு நேரம் தின்கிறது என்று முதலில் எழுதிப் பாருங்கள். போனில் பேச்சும் உடை பற்றிய ஆலோசனையும் 20 நிமிடம். அறை ஒழுங்கு செய்ய, பிறகு எடுத்து வைக்க 30. படமெடுப்பு 60. கார்டு காப்பி 20. வேண்டாத படங்களைக் கழிக்க 25. முடித்துக் கொடுக்கும் 12 படத்துக்கு ஒவ்வொன்றுக்கும் 10 நிமிட ரீடச் என்றால் 120. அனுப்பிவைத்து கணக்கு முடிக்க 20. மொத்தம் 295 நிமிடம், கிட்டத்தட்ட 5 மணி நேரம். வாரம் 4 செஷன் என்றால் 20 மணி நேரம். இது பிள்ளைகள் பள்ளியில் இருக்கிற நேரத்துக்குள் அடங்கும். கல்யாண வேலையை எப்படி அடுக்கினாலும் இது நடக்காது, முகூர்த்தத்தை நீங்கள் குறிக்க முடியாது அல்லவா? போர்ட்ரெய்ட்டுக்கு மாறுவதன் முழு லாபமும் நேரத்தை நீங்கள் குறிப்பதில்தான் இருக்கிறது. கேட்கிற நேரமெல்லாம் கொடுத்தால் அந்த லாபம் போய்விடும்.

விலைக்கு வாருங்கள். உதாரணமாக ஒரு கணக்கு, உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். மாதம் நிலையான செலவு (தவணை, கரண்ட், இன்டர்நெட், சாஃப்ட்வேர் சந்தா) 18,000. வீட்டுக்கு வேண்டியது 40,000. பழுது, புதுப் பொருள், வரிக்கு ஒதுக்குவது 8,000. ஆக 66,000. மாதம் 16 செஷன் என்றால் ஒன்றுக்கு 4,125. அதில் ஒரு பிரிண்ட், உறை, போக்குவரத்துக்கு 700 சேர்த்தால் 4,825. இதற்குக் கீழே வாங்கினால் பற்றாக்குறையை இரவு வேலையாக நீங்கள்தான் கட்டுவீர்கள். பக்கத்துக் கடை 1,500-க்கு எடுக்கிறது என்று இறங்க வேண்டாம். மாதம் 16 வரும்வரை கல்யாணத்தை முழுக்க விட வேண்டாம். மாதத்தில் இரண்டு முகூர்த்தம் என்று வரம்பு வைத்துப் படிப்படியாகக் குறையுங்கள்.

மனைவியோ கணவரோ ஆல்பம் வடிவமைப்பு, செலக்ஷன் பேச்சு, கணக்கு என்று உள்ளே வேலை செய்தால் அதற்கு மாதச் சம்பளம் எழுதி அவர் கணக்கில் போடுங்கள். நம்மூரில் இந்த உழைப்பு பெரும்பாலும் கணக்கிலேயே வருவதில்லை. சம்பளம் எழுதாத வேலை விலையிலும் சேராது, அதனால் எப்போதும் குறைவாகவே விலை சொல்லிக்கொண்டிருப்போம். மேலே சொன்ன 120 நிமிட ரீடச்சை அவர் செய்தால் அந்த 40,000-ஐ இரண்டு பேர் சம்பளமாகப் பிரித்து எழுதுங்கள். அப்போதுதான் அது போதாது என்பது கண்ணில் படும்.

---

தோவாளைப் பூ

அக்கா, வாரம் 4 செஷன் வருஷம் முழுக்க ஒரே மாதிரி வருமா? கல்யாணம் இல்லாத மாதங்களில் கை காய்ந்துவிடாதா?

---

மார்த்தாண்டம் அக்கா

குமரியில் நிலைமை நேர்மாறு தம்பி. காலண்டரை எடுத்து வைத்துப் பாருங்கள்.

தவக்காலத்தில் சாம்பல் புதன் முதல் ஈஸ்டர்வரை கிறிஸ்தவக் கல்யாணம் அநேகமாக இல்லை. ஆடியில் இந்துக் கல்யாணம் இல்லை. புரட்டாசியிலும் மார்கழியிலும் அப்படித்தான். டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலமும் மார்கழியும் ஒன்றாக வந்து விழும். கல்யாணக்காரருக்குக் காய்கிற இந்த மாதங்கள்தான் போர்ட்ரெய்ட்டுக்கு விளைச்சல்.

வளைகுடாவில் இந்தியப் பள்ளிகளுக்கு ஜூலை, ஆகஸ்டில் கோடை விடுமுறை. குடும்பத்தோடு அங்கே இருப்பவர்கள் அப்போதுதான் ஊருக்கு வருகிறார்கள், அதில் பாதி ஆடி. தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் எல்லாரும் ஒரே வீட்டில் கூடியிருக்கிற நாட்கள் வருஷத்தில் அவ்வளவுதான். ஜூன் முதல் வாரத்திலேயே பழைய வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் ‘எந்த வாரம் வருகிறீர்கள்’ என்று ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். வந்து இறங்கிய பிறகு கேட்டால் விருந்துக்கே நாள் போதாது. டிசம்பர் 20-க்கு மேல் கிறிஸ்துமஸுக்கு வருபவர்கள். ஈஸ்டருக்குப் பிறகு ஏப்ரல், மே மாதங்களில் கத்தோலிக்கப் பங்குகளில் புதுநன்மை (பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற சடங்கு). வெள்ளை உடையில் பிள்ளைகள், கையில் மெழுகுதிரி, ஜெபமாலை. அது கோயிலில் எடுக்கிற குழுப் படத்தோடு முடிந்துவிடுகிறது. ஒரு வாரம் கழித்து அதே உடையில் ஜன்னல் ஓரத்தில் தனியாக எடுத்துக் கொடுத்தால் விரும்பாத பெற்றோர் இல்லை.

ஆனால் பண்டிகை நாளில் எடுக்கவே கூடாது. கிறிஸ்துமஸ், ஓணம், பொங்கல், கோட்டாறு சவேரியார் திருவிழா விடுமுறை, உங்கள் குடும்பக் கோயில் கொடை. வருஷத் தொடக்கத்திலேயே இந்த நாட்களைப் புக்கிங் நோட்டில் சிவப்பு மையால் அடித்துவிடுங்கள். பிள்ளைகளின் பரீட்சைக்கு முந்தின வாரத்தையும் சேர்த்து.

---

முட்டம் கடற்கரை

அவுட்டோர் பற்றி யாரும் தொடவில்லை. எல்லாரும் சாயங்காலம் 5 மணிக்குக் கடற்கரையில் நிற்கிறார்கள், அதுதான் வீட்டுக்கு முதல் சேதம்.

நம் இடத்தில் சூரியன் செங்குத்தாக விழுந்து மறைகிறது. மென்மையான பொன் வெளிச்சம் அரை மணி நேரம்கூட முழுசாக நிற்காது, மறைந்த பிறகு 20 நிமிடத்தில் இருட்டு. அதுவும் நவம்பரில் 6 மணிக்கு முன்பே மறையும், ஜூலையில் 6:40 தாண்டும். நேரத்தைப் பார்க்காமல் புக்கிங் கொடுத்தால் இரண்டிலும் தவறும். மண்டைக்காடு, முட்டம், சொத்தவிளை, சங்குதுறை எல்லாம் தென்மேற்குப் பார்த்த கரைகள். காலையில் சூரியன் தென்னைகளுக்குப் பின்னால் எழும். மணலில் 7:30வரை நேர் வெயில் படாது, கடல் பக்கத்து வானம் ஒரு பெரிய சாஃப்ட்பாக்ஸாக நிற்கும். ஆளை வானத்தைப் பார்த்து நிறுத்தினால் கண்ணில் நல்ல ஒளிப்புள்ளி விழும். சனிக்கிழமை 6:15-க்குத் தொடங்கி 7:30-க்கு முடித்தால் வீட்டில் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிடலாம். கடலில் சூரிய உதயமே வேண்டும் என்பவர்களை வட்டக்கோட்டைப் பக்கம் அழைத்துப் போங்கள்.

குலசேகரம், அருமனைப் பக்க ரப்பர் தோட்டங்களில் முகத்தில் பச்சை ஏறும். ஆளைத் தோட்டத்தின் விளிம்புக்கு, வானம் தெரிகிற இடத்துக்குக் கொண்டுவந்து, தோட்டத்தைப் பின்னால் மட்டும் வையுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் ரப்பர் இலை உதிர்க்கும்போது உள்ளேயும் எடுக்கலாம், தரையெல்லாம் செம்பழுப்பு. தென்னந்தோப்பில் ஓலை வழியாக விழுகிற வெயில் புள்ளிகளை முகத்திலிருந்து விலக்குவதுதான் முழு வேலையும். தலைக்கு மேல் வெயிலை மென்மையாக்குகிற ஒரு வெள்ளை டிஃப்யூசர் பிடிக்க ஆள் இல்லையென்றால் அங்கே போகாதீர்கள்.

பத்மநாபபுரம் அரண்மனை நம் மண்ணில் இருந்தாலும் கேரள அரசின் நிர்வாகம். திங்கள் விடுமுறை, கேமராவுக்குத் தனிக் கட்டணம். உடை, மேக்கப் என்று ஆள் வைத்து எடுப்பதாக இருந்தால் முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரம், நடைபாதை குறுகல். சின்னப் பிள்ளைகளோடு மேலே ஏறி எடுக்க வேண்டாம், கீழே தூண்களுக்கு நடுவில் நின்றாலே நல்ல படம் வரும்.

கடற்கரையிலிருந்து வந்ததும் லென்ஸை உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள். உப்புத் துகள் கண்ணாடியைக் கீறும். முதலில் புளோயர் (காற்றடிக்கிற ரப்பர் பந்து), பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமரா உடல், கடைசியில் லென்ஸ் திரவம். வைக்கிற பெட்டியில் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம். இங்கே திறந்த பீரோவில் மழைக்காலம் முழுக்க வைத்தால் ஃபங்கஸ் நிச்சயம்.

---

ரீடச் மேசை

இரவு வேலைக்கு முதல் காரணம் ரீடச். அதில் பாதி தேவையே இல்லாதது.

நம் மக்களின் தோல் பழுப்பும் கருமையும். கேமராவின் ஒளி அளக்கிற மீட்டரை அப்படியே நம்பினால் வெள்ளைச் சேலை, வெள்ளை வேட்டி உள்ள படத்தில் முகம் இருண்டு போகும், கறுப்புத் திரைக்கு முன் முகம் வெளுத்துப்போகும். ஸ்பாட் மீட்டரிங்கில் (ஒரு சிறு புள்ளியை மட்டும் அளக்கிற முறை) கன்னத்தை அளந்து மேனுவலில் பூட்டுங்கள். இருண்டு எடுத்துப் பின்னால் தூக்கினால் கருந்தோல் சாம்பல் பூத்துத் தெரியும். நிறம் செத்துப்போகும், பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் மீளாது. நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் மினுங்கினால் டிஷ்யூ ஒன்றை அழுத்தி எடுங்கள், தேய்க்க வேண்டாம். அந்தப் பத்து விநாடி ஒவ்வொரு படத்திலும் 3 நிமிடத்தை மிச்சப்படுத்தும். கன்னத்தின் பக்கவாட்டில் விழுகிற மெல்லிய பளபளப்பை மட்டும் விடுங்கள், கருந்தோலுக்கு அழகே அதுதான்.

‘கொஞ்சம் வெள்ளையாக்கிடுங்க’ என்பார்கள். முகத்தின் வெளிச்சத்தை மட்டும் கால் ஸ்டாப் உயர்த்துங்கள், நிறத்தைத் தொடாதீர்கள். கழுத்தும் கையும் ஒரு நிறம், முகம் ஒரு நிறம் என்று ஆக்கிக் கொடுப்பது அந்த மனிதருக்குச் செய்கிற அவமரியாதை என்பது என் உறுதியான கருத்து. இதை எடுப்பதற்கு முன்பே, மாதிரிப் படங்களைக் காட்டும்போதே சொல்லிவிட்டால் பின்னால் வாக்குவாதம் வராது. பரு, கீறல், கொசுக்கடி போன்ற ஒரு வாரத்தில் போகிறவற்றை நீக்கலாம். மச்சம், தழும்பு, வயதின் சுருக்கம் அவர்களுடையது.

ஒரு மணி நேரத்தில் 150 ஃபிரேமுக்கு (படத்துக்கு) மேல் எடுக்காதீர்கள். முதல் சுற்றில் கண் மூடியது, கூர்மை இல்லாதது மட்டும் தள்ளுங்கள். இரண்டாம் சுற்றில் 25. வாடிக்கையாளருக்கு அந்த 25-ஐ மட்டும் காட்டி 12 தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், 7 நாள் கெடு எழுத்தில் இருக்கட்டும். 150-ஐயும் அனுப்பினால் தேர்வு மூன்று மாதம் இழுக்கும்.

---

தக்கலை கேமரா

எல்லாருக்கும் நன்றி. இன்னும் ஒன்று கேட்க விடுபட்டது. மாதம் 16 செஷன் ஒரே அறையில், ஒரே சுவரில் என்றால் படங்கள் எல்லாம் ஒரே அச்சாகிவிடாதா? வளர்ச்சி எங்கே?

---

ஜன்னல் வெளிச்சம்

இடம் மாறினால் படம் மாறும் என்று நினைப்பதால்தான் இந்தப் பயம். இர்விங் பென் 1948-ல் பெரு நாட்டின் குஸ்கோ நகரில் உள்ளூர் போட்டோகிராபர் ஒருவரின் ஸ்டுடியோவை வாடகைக்குப் பிடித்து, பக்கவாட்டு வெளிச்சத்தில், ஒரே திரைக்கு முன் ஊர் மக்களை நிறுத்தி எடுத்தார். 1950-ல் பாரிஸில் கசாப்புக்காரர், சமையற்காரர், தெரு வியாபாரி என்று தொழிலாளிகளை வேலை உடையிலும் கையில் கருவியோடும் அதேபோல எடுத்தார். திரை ஒன்று, வெளிச்சம் ஒன்று. பின்புலம் அசையாதபோது நிற்கிற விதமும் கையும் துணியும் முகமும் மட்டுமே பேசுகின்றன.

அதை இங்கே செய்ய மாதத்தில் ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள், காசு வாங்காத ஒரு படம். தோவாளையில் பூக்கட்டுபவர், பனையேறி, ரப்பர் பால் வெட்டுபவர், வலை பின்னுபவர், மார்த்தாண்டத்துத் தேன் பெட்டிக்காரர். நமக்கு ஆள் பஞ்சமே இல்லை. 5க்கு 7 அடி சாம்பல் கேன்வாஸைச் சுருட்டி பைக்கில் கொண்டு போகலாம். இரண்டு ஸ்டாண்ட், ஒரு குறுக்குக் குழாய், நான்கு கிளிப். அவர் வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்துத் தாழ்வாரத்தில் திரையைக் கட்டுங்கள். ஒரே லென்ஸ், ஒரே தூரம், எஃப் 5.6. முகம் மட்டும் எடுக்காமல் கைகள் தெரிய முழங்கால்வரை எடுங்கள். பனையேறியின் மார்பில் மரம் உரசிய காய்ப்பும், பால் வெட்டுபவரின் விரலில் ஒட்டிய ரப்பர்ப் பசையும் தலை-தோள் சட்டத்துக்குள் வராது.

வேலை நேரத்தைத் தின்னாதீர்கள், 10 நிமிடத்தில் விடுங்கள். அடுத்த வாரமே 8க்கு 12 பிரிண்ட் ஒன்றைக் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். ஆறு படம் சேர்ந்ததும் தரையில் வரிசையாகப் பரப்பிப் பாருங்கள். எந்த இடத்தில் ஒரே போஸைத் திரும்பத் திரும்பக் கொடுக்கிறீர்கள் என்பது தானாகத் தெரியும். காசு வாங்குகிற செஷன்களுக்கும் அங்கிருந்துதான் புதுசு வரும்.

---

நாகர்கோவில் லேப்

மேலே உள்ளதோடு ஒரு சட்ட விஷயம். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்துத் தனக்காக எடுக்கச் சொன்ன படத்துக்கு முதல் உரிமையாளர் அவர்தான், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால். ஸ்டுடியோவின் இணையப் பக்கத்தில் போடவோ ஷோகேஸில் மாட்டவோ ஒரு வரியாவது எழுதி வாங்க வேண்டும். புக்கிங் ரசீதிலேயே ‘விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் / கூடாது’ என்று இரண்டு கட்டம் அச்சடித்துவிடுங்கள். பிள்ளைகள் படத்துக்குப் பெற்றோர் கையெழுத்து. உங்கள் சொந்தப் பிள்ளைகளையும் கேட்டுவிட்டுப் போடுங்கள். எட்டு, பத்து வயதில் அவர்களுக்கும் விருப்பு வெறுப்பு உண்டு. ஒவ்வொரு புது லைட்டுக்கும் அவர்களையே உட்கார வைத்துச் சோதிக்காதீர்கள். தெர்மாகோல் தலை ஒன்று சோதனைக்குப் போதும்.

காப்பி மூன்று: கணினியில் ஒன்று, ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வேறு வீட்டிலோ கிளவுடிலோ ஒன்று. இரண்டு காப்பி திறந்து பார்த்த பிறகுதான் கார்டை ஃபார்மட் செய்ய வேண்டும். ஐப்பசி இடிக்கு யுபிஎஸ்ஸை நம்ப வேண்டாம், பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். 2017 நவம்பர் 30 ஒக்கி புயலுக்குப் பிறகு மாவட்டத்தில் பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அன்று வேறு ஊரில் ஒரு டிஸ்க் வைத்திருந்தவர்களால்தான் வேலையைத் தொடர முடிந்திருக்கும்.

---

தோவாளைப் பூ

80 வயது தாண்டிய தாத்தா, பாட்டியை வீட்டுக்கே வந்து எடுத்துத் தரச் சொல்கிறார்கள். ஸ்டுடியோவுக்கு வர முடியாதவர்கள். என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

---

ஜன்னல் வெளிச்சம்

நல்ல கேள்வி. நம் வீடுகளில் பெரியவர் போன பிறகுதான் ஒரு நல்ல படம் இல்லையே என்று தேடுவார்கள். கல்யாணக் குழுப் படத்திலிருந்து முகத்தை வெட்டிப் பெரிதாக்கி, யாரோ ஒருவரின் கோட்டுச் சட்டையை ஒட்டிக் கொடுக்கிற நிலை வரும்.

ஒரு கேமரா, 85 அல்லது 50, மடிக்கிற 42 அங்குல ரிஃப்ளெக்டர், மேலே சொன்ன சாம்பல் துணி. லைட் வேண்டாம், பளிச்சென்று அடித்தால் சுருங்கிவிடுவார்கள். காலை 9:30-க்கு மேல், காப்பி குடித்து, மருந்து சாப்பிட்டு முடித்த நேரம். அவர் வழக்கமாக உட்காருகிற நாற்காலியையே வாசல் பக்கம், வெயில் படாத இடத்துக்கு நகர்த்துங்கள். வாசல் ஜன்னலைவிடப் பெரிய வெளிச்சம். சாய்வு நாற்காலி என்றால் முதுகுக்கு ஒரு தலையணை; சாய்ந்தால் தாடை மேலே போய்க் கழுத்துதான் தெரியும். கேமரா அவர் கண் மட்டத்தில் இருக்க வேண்டும், நீங்கள் தரையில் மண்டியிடுங்கள். கண்ணாடி போடுபவர் கண்ணாடியோடுதான் இருக்க வேண்டும். பிரதிபலிப்பு வந்தால் கண்ணாடிக் காலைக் காதுக்கு மேல் ஒரு விரல்கடை தூக்கினால் கண்ணாடிச் சில்லு தரைப் பக்கம் சாய்ந்து வெளிச்சம் விலகிவிடும்.

காது கேட்காதவருக்கு நீங்கள் பேச வேண்டாம், பேத்தியையோ மகளையோ கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள். பார்வை தானாகச் சரியான இடத்துக்கு வரும். முதலில் வீட்டு உடையில் 20 ஃபிரேம், அப்புறம் புதுச் சட்டை, நேரியல், கவணி போன்ற மேல்துணி எதுவோ அது. பெரும்பாலும் முதலில் எடுத்ததே நிற்கும். இருவரும் இருந்தால் ஒரே பெஞ்சில் தோள் உரச, எஃப் 5.6.

12க்கு 18 அங்குல பிரிண்ட்டுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் 3600க்கு 5400 பிக்சல் வேண்டும். 24 மெகாபிக்சல் கேமராவில் 4000க்கு 6000 இருக்கிறது, ஆகவே எடுக்கும்போதே சட்டத்தை நெருக்கிப் பிடியுங்கள், வெட்டுவதற்கு அதிக இடமில்லை. காகிதம் மேட் (மினுங்காதது), ஃபிரேம் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் மவுன்ட் அட்டை கட்டாயம். இல்லையென்றால் நம் ஈரத்தில் இரண்டு மழைக்குள் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கும் சேர்த்து முழு அளவுக் கோப்பை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்ப வேண்டும்.